செம்பா, கடனா, காகிதமா: ரஷ்யப் பேரரசு நோட்டுக்கு வந்த வழியும் மீண்ட வழியும்

1768-ல் ரஷ்யாவில் ஒருவருக்கு ஆயிரம் ரூபிள் கொடுக்க வேண்டுமென்றால் முதலில் வண்டி பேச வேண்டும். புழக்கத்தில் இருந்த காசில் பெரும்பங்கு செம்பு. ஒரு பூத் செம்பில், அதாவது 16.38 கிலோவில், 16 ரூபிளுக்குக் காசு அடிப்பார்கள். நூறு கோபெக் ஒரு ரூபிள்; ஐந்து கோபெக் காசு ஒன்றின் எடை மட்டும் 51 கிராம். நூறு ரூபிளுக்கு அதில் 2,000 காசு எண்ண வேண்டும்; எடை 102 கிலோ. ஆயிரம் ரூபிள் ஒரு டன்னைத் தாண்டிவிடும். வெள்ளியில் அதே ஆயிரம் வெறும் 24 கிலோதான். ஆனால் வெள்ளி அவ்வளவாக நாட்டில் இல்லை. வெளிநாட்டு வணிகத்தில் வருவதும் சைபீரியச் சுரங்கங்களில் கிடைப்பதும்தான்.

அந்த ஆண்டு இலையுதிர் காலத்தில் துருக்கி போர் அறிவித்தது. இரண்டாம் கேத்தரின் அரியணை ஏறி ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. தெற்கே டான்யூப் பக்கம் படை போக வேண்டும். பால்டிக் கடலில் இருந்த கப்பல்களை ஐரோப்பாவைச் சுற்றி மத்தியதரைக் கடலுக்கு அனுப்பவும் திட்டம். எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும், அதுவும் உடனே.

அவர் முன் நான்கு வழிகள் இருந்தன. காசை இன்னும் அடிக்கலாம், அல்லது எடை குறைத்து அடிக்கலாம். வரியைக் கூட்டலாம். வெளிநாட்டில் கடன் வாங்கலாம். காகிதத்தில் பணம் அச்சிடலாம். இவற்றை ஒப்பிட மூன்று கேள்விகள் போதும் என்று நினைக்கிறேன். பணம் எவ்வளவு சீக்கிரம் கைக்கு வரும்? பாரம் யார் தலையில் விழும்? போர் முடிந்ததும் பழைய நிலைக்குத் திரும்ப முடியுமா? பொருளாதார வரலாறு எழுதுபவர்கள் முதல் இரண்டையும் நிறையவே அலசிவிட்டார்கள். எனக்கு மூன்றாவதுதான் முக்கியம், ஏனென்றால் 1769-ல் எடுத்த முடிவிலிருந்து ரஷ்யா வெளியே வர முக்கால் நூற்றாண்டு ஆனது.

செம்பு: தெரிந்த வழி, தெரிந்த ஆபத்து

செம்புக் காசைக் கூடுதலாக அடிப்பதில் புதுமை எதுவும் இல்லை. யூரல் மலையில் தாது இருக்கிறது, யெகாத்தரின்பர்க்கில் அச்சுச்சாலை இருக்கிறது. பூத்துக்கு 16 ரூபிள் என்பதே செம்பின் சந்தை விலையைவிட நன்றாக உயர்ந்த மதிப்பு, ஆகவே அடிக்க அடிக்க அரசுக்கு லாபம். கோளாறு எடையில். பத்தாயிரம் ரூபிளைப் படைமுகாமுக்கு அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். 625 பூத். வண்டிக்கு 25 பூத் ஏற்றினாலும் 25 வண்டி, 25 குதிரை, வண்டிக்காரர்கள், காவலர்கள். பணத்தைக் கொண்டுபோகும் செலவே பணத்தைத் தின்ன ஆரம்பிக்கும்.

சரி, எடையைக் குறைத்தால் என்ன? இதையும் செய்து பார்த்திருந்தார்கள். 1762-ல் கேத்தரினின் கணவர் மூன்றாம் பீட்டர், பூத்துக்கு 32 ரூபிள் என்று உத்தரவிட்டு, இருந்த ஐந்து கோபெக் காசின் மேலேயே பத்து கோபெக் முத்திரையை அடிக்க வைத்தார். ஒரே இரவில் காசின் மதிப்பு இரட்டிப்பு, காகிதத்தில் எழுதும்போது அழகாகத்தான் இருக்கும். அவரைக் கவிழ்த்துவிட்டு ஆட்சிக்கு வந்த கேத்தரின், அந்த உத்தரவைத் திருப்பி, மீண்டும் பூத்துக்கு 16 என்று கொண்டுவந்தார். ஆகவே 1768-ல் இந்தக் கதவைத் திறப்பது, தானே பூட்டிய கதவைத் தானே உடைப்பதாகும்.

அதைவிடப் பழைய வடு ஒன்றும் இருந்தது. நூறு ஆண்டுகளுக்கு முன், போலந்தோடு போரிட்ட காலத்தில், ஜார் அலெக்ஸெய் மிகைலொவிச் செம்புக் கோபெக்கை வெள்ளிக் கோபெக்கின் மதிப்பிலேயே வெளியிட்டார். சம்பளம் செம்பில் கொடுத்தார்கள். வரியை மட்டும் வெள்ளியில் வாங்கினார்கள். கொடுக்கும் கைக்கு ஒரு கணக்கு, வாங்கும் கைக்கு வேறு கணக்கு. கள்ளக்காசு பெருகியது, தானிய விலை ஏறியது, 1662 கோடையில் மாஸ்கோ மக்கள் கூட்டமாகக் கிளம்பி கொலோமென்ஸ்கொயே அரண்மனைக்கே போய்விட்டார்கள். கலகத்தை ரத்தத்தில் அடக்கினார்கள். மறு ஆண்டே செம்புக் கோபெக்கைத் திரும்பப் பெற்றார்கள். மலிவான பொருளை விலையுயர்ந்த பொருளின் பெயரில் தள்ளிவிட்டால் மக்கள் அதை எங்கே கண்டுபிடிப்பார்கள் என்பதற்கு இது நல்ல பாடம்: வரி கட்டும் இடத்தில்.

இங்கே ஸ்வீடனையும் சொல்லிவிட வேண்டும். அவர்களும் செம்பு நாடு. 1644-ல் அடித்த, அன்றைய ஸ்வீடன் பணத்தில் பத்து டாலர் தகடு ஒன்றின் எடை கிட்டத்தட்ட 20 கிலோ. ஐரோப்பாவின் முதல் வங்கி நோட்டு 1661-ல் ஸ்டாக்ஹோமில் வந்தது தற்செயல் இல்லை. ரஷ்யாவும் 1725 முதல் 1727 வரை ஸ்வீடனைப் பார்த்து சதுரச் செம்புத் தகடுகள் அடித்தது. ஒரு ரூபிள் தகடு 1.6 கிலோ. முதுகு வலித்த நாடுகள்தான் முதலில் காகிதத்தைத் தேடிப் போயின.

வரி

இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். 1725 முதல் ஆண் தலைக்கு ஆண்டுக்கு 70 கோபெக் தலைவரி. பிரபுக்களுக்கு அது இல்லை. அரசு நிலத்துக் குடியானவர்கள் கட்டும் தொகையை இந்தக் காலத்தில் 2 ரூபிளாக உயர்த்தினார்கள். ஆனால் வரி வசூல் மெதுவானது, போர் காத்திருக்காது, வசூலாவதும் அதே செம்பு மூட்டைதான். பாரம் முழுக்க அடியில் கிடப்பவர் மேல். மூன்றாவது கேள்விக்கு மட்டும் இதில் நல்ல பதில் உண்டு: கூட்டிய வரியைக் குறைக்கலாம், குறைக்க மனம் இருந்தால். வரியை மட்டும் நம்பி அந்தப் போரை நடத்தியிருக்க முடியாது.

ஆம்ஸ்டர்டாம்

அன்று ஐரோப்பாவின் கடன் சந்தை ஆம்ஸ்டர்டாம். 1769-ல் ரஷ்யா தன் முதல் பெரிய வெளிநாட்டுக் கடனை அங்கே டி ஸ்மெத் என்ற வங்கியாளர் குடும்பத்தின் வழியாக வாங்கியது. வட்டி 5 சதவீதம். ரீகா, பெர்னாவ், ரெவால், நார்வா என்ற பால்டிக் துறைமுகங்களின் சுங்க வருமானம் அடமானம்.

கடனின் பெரிய பலன், அது நல்ல பணமாக வரும் என்பது. மத்தியதரைக் கடலில் நிற்கும் ரஷ்யக் கப்பலுக்கு ரொட்டியும் கயிறும் விற்கும் இத்தாலிய வணிகன் செம்புக் கோபெக்கைத் தொட மாட்டான். ரஷ்ய நோட்டு அவனுக்குக் குப்பை. ஆம்ஸ்டர்டாமில் மாற்றத்தக்க உண்டியல் சீட்டு கொடுத்தால் வாங்கிக்கொள்வான். ஆகவே வெளிநாட்டுச் செலவுக்குக் கடனைத் தவிர வேறு வழியே இல்லை என்பேன். மற்ற மூன்றும் இந்த இடத்தில் போட்டிக்கே வராது.

உள்நாட்டுச் செலவுக்கு அது பொருந்தாது. தொகை கடன் கொடுப்பவர்களின் ஆசையைப் பொறுத்தது. ரஷ்யா புதுக் கடனாளி. வட்டி டச்சு நாணயமான கில்டரில் போக வேண்டும். ஆனால் ஒரு குணம் இதற்கு உண்டு. கடன் கொடுத்தவன் கண்காணிக்கிறான். வட்டி ஒரு தவணை தவறினால் அடுத்த கடன் கிடைக்காது. திரும்பக் கொடுக்கும் தேதி பத்திரத்திலேயே எழுதியிருக்கும். வெளியேறும் வாசல் முன்கூட்டியே கட்டிய வீடு என்றால் இது ஒன்றுதான்.

காகிதம்

காகிதப் பணம் என்ற யோசனை கேத்தரினுடையது அல்ல. அதே மூன்றாம் பீட்டர் 1762 மே மாதம் ஒரு வங்கி தொடங்கி 50 லட்சம் ரூபிளுக்கு நோட்டு அடிக்க உத்தரவு போட்டார். பத்து முதல் ஆயிரம் ரூபிள் வரை மதிப்புகள். நோட்டு வெளியே வருவதற்குள் அரசர் வெளியே போய்விட்டார்.

ஆறு ஆண்டு கழித்து நோவ்கொரோத் ஆளுநர் சீவெர்ஸ் மறுபடி அந்தப் பேச்சை எடுத்தார். நிதியைக் கவனித்துவந்த தலைமை வழக்கறிஞர் வியாசெம்ஸ்கி அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். பழைய ரஷ்ய நாட்காட்டிப்படி 1768 டிசம்பர் 29-ல் அரசாணை. பீட்டர்ஸ்பர்க்கில் ஒன்று, மாஸ்கோவில் ஒன்று என இரண்டு வங்கிகள். ஒவ்வொன்றிலும் 5 லட்சம் ரூபிள் செம்புக் காசு இருப்பு. நிர்வாகத்துக்கு ஆந்த்ரேய் ஷுவாலொவ் பிரபு. நோட்டுக்குப் பெயர் அசிக்னாட்சியா. மதிப்பு 25, 50, 75, 100 ரூபிள். அரசாணை போரைப் பற்றிப் பேசவில்லை. செம்பின் கனம் வணிகத்துக்கு இடைஞ்சல் என்பதைத்தான் காரணமாகக் காட்டியது. அது பொய்யும் இல்லை.

1769 நோட்டை நெருங்கிப் பார்த்தால் சுவாரசியமாக இருக்கும். வெள்ளைக் காகிதம், ஒரு பக்கம் மட்டும் கறுப்பு எழுத்து. மேலே புடைப்பு அச்சில் இரண்டு நீள்வட்டச் சித்திரங்கள். வெளிச்சத்தில் பிடித்தால் விளிம்புகளில் நீரோட்ட எழுத்துகள்: தாய்நாட்டின் மேல் அன்பு, அதன் நன்மைக்காகச் செயல்படுகிறது, கீழே அரசுக் கருவூலம் என்று. ஒவ்வொரு நோட்டிலும் செனட் உறுப்பினர்களும் வங்கி அதிகாரிகளும் மையில் கையெழுத்துப் போட வேண்டும். லட்சக்கணக்கான நோட்டுக்கு கைகடுக்கக் கையெழுத்துப் போட்ட அந்தக் கனவான்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

மதிப்பு எல்லாம் ஒரே மாதிரி அச்சு, எண் மட்டும்தான் வேறு. விளைவு சீக்கிரமே தெரிந்தது. 25 ரூபிள் நோட்டைச் சுரண்டி 75 ஆக்கினார்கள். 1771-ல் 75 ரூபிள் நோட்டையே நிறுத்த வேண்டி வந்தது.

மக்கள் ஏன் வாங்கினார்கள்? இரண்டு காரணம். வங்கிக்குப் போய் நீட்டினால் காசு கொடுத்தார்கள். பிறகு, கருவூலத்துக்கு 500 ரூபிள் கட்டினால் அதில் குறைந்தது 25 ரூபிள் நோட்டாக இருக்க வேண்டும் என்று விதி வைத்தார்கள். அலெக்ஸெயின் செம்பு எந்த இடத்தில் தோற்றதோ, வரி கட்டும் அந்த ஜன்னலிலேயே கேத்தரினின் காகிதத்துக்கு உயிர் கொடுத்தார்கள். இதைத்தான் நான் அந்தத் திட்டத்தின் புத்திசாலித்தனம் என்பேன், நீரோட்ட எழுத்தை அல்ல. ஒரு டன் செம்பைச் சுமந்த வணிகனுக்கு பத்து நோட்டு சட்டைப்பையில் அடங்கியது. 1787 வரைகூட காகித ரூபிள் ஒன்றுக்கு 97 கோபெக் வெள்ளி கிடைத்தது. பதினெட்டு ஆண்டு இப்படித் தாக்குப்பிடித்தது சாதாரணம் இல்லை.

அப்படியானால் எது சரி?

வேகத்தில் காகிதம் முதலிடம், அதில் விவாதமே இல்லை. வெளிநாட்டுச் செலவுக்குக் கடன். வரி துணைக்கு. செம்பை அதிகம் நம்பக் கூடாது. கேத்தரின் நடைமுறையில் செய்ததும் ஏறக்குறைய இந்தக் கலவைதான், அவருடைய இடத்தில் யார் இருந்தாலும் இதையேதான் செய்திருப்பார்கள். ஆகவே நோட்டு அடித்ததுதான் தவறு என்று பின்னாளில் எழுதியவர்களோடு நான் உடன்படவில்லை.

தவறு இரண்டு இடத்தில் இருந்தது. நோட்டில் இத்தனை ரூபிளுக்கு ‘புழக்கத்தில் உள்ள நாணயம்’ கொடுப்போம் என்று அச்சிட்டார்கள். வெள்ளியா செம்பா என்று சொல்லவில்லை. இருப்பில் வைத்ததோ செம்பு. அதாவது, சுமக்க முடியாத காசுக்கு மாற்றாக வந்த காகிதத்தை அதே சுமக்க முடியாத காசோடு கட்டிப்போட்டார்கள். வெள்ளி வேண்டும் என்பவன் சந்தையில் தான் வட்டம், அதாவது மாற்றுவதற்கான கூடுதல் தொகை, கொடுத்து வாங்கிக்கொள்ள வேண்டும். இரண்டாவது, எவ்வளவு அடிக்கலாம் என்பதைத் தீர்மானிப்பவரும் அரசி, தீர்மானத்தை மீறுவதைத் தடுக்க வேண்டியவரும் அரசி. ஆம்ஸ்டர்டாம் கடனுக்கு இருந்த காவல்காரன் இதற்கு இல்லை.

முதலில் இருப்புக்குச் சமமாகத்தான் நோட்டு என்றார்கள். 1774-ல் 2 கோடி ரூபிள்தான் எல்லை என்றார்கள். 1786-ல் பார்த்தால் 4.6 கோடி. அந்த ஆண்டு ஜூனில் எல்லையை 10 கோடியாக்கி, இதற்கு மேல் ஒருபோதும் போகாது என்று அரசி வாக்குக் கொடுத்தார். புதிதாக 5, 10 ரூபிள் நோட்டுகளும் வந்தன. சின்ன மதிப்பு வந்ததும் காகிதம் சாதாரண ஜனங்களின் கைக்கும் இறங்கியது. மறு ஆண்டே இரண்டாம் துருக்கிப் போர், அடுத்த ஆண்டு ஸ்வீடனோடு போர். 1796-ல் கேத்தரின் இறந்தபோது வெளியே இருந்தது 15.77 கோடி ரூபிள் நோட்டு. காகித ரூபிளின் விலை 70 கோபெக் வெள்ளிக்கு இறங்கியிருந்தது.

மகன் பாவெல் கோபக்காரர். குளிர்கால அரண்மனைக்கு முன்னால் எல்லோரும் பார்க்க 50 லட்சம் ரூபிளுக்கு மேல் நோட்டை எரித்தார். அரண்மனை வெள்ளிப் பாத்திரங்களை உருக்கக் கொடுத்தார். பார்க்க நன்றாக இருந்திருக்கும். 15 கோடியில் அரைக் கோடி. போர்கள் தொடர்ந்தன, அச்சும் தொடர்ந்தது.

பிறகு நெப்போலியன். 1812-ல் அவர் ஆட்கள் கள்ள நோட்டோடு வந்தார்கள், 25-ம் 50-ம். கையெழுத்தை மையில் போடாமல் அச்சிலேயே போட்டிருந்தார்கள். சில நோட்டுகளில் எழுத்துப் பிழை வேறு: ரஷ்ய எழுத்து தெரியாத செதுக்குக்காரன் ஒரு எழுத்துக்குப் பதில் அதைப்போலத் தெரியும் இன்னொன்றை வெட்டிவிட்டான். இந்தக் கள்ள நோட்டால்தான் ரூபிள் விழுந்தது என்று சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. கள்ள நோட்டு வருவதற்கு முன்பே, 1810-ல், அசல் நோட்டு 57 கோடியைத் தாண்டி, ரூபிள் வெள்ளியில் மூன்றில் ஒரு பங்குக்கு வந்துவிட்டது. போர் முடிந்து கணக்குப் பார்த்தபோது 83.6 கோடி. காகித ரூபிளுக்குக் கிடைத்தது நாலில் ஒரு பங்கு வெள்ளி.

வெளியே வர மூன்று வழி

இப்போது இரண்டாவது முடிவு. முதல் முடிவைவிட இது கடினம், ஏனென்றால் இங்கே எந்த வழியிலும் யாராவது ஏமாற வேண்டும். ஒரு ரூபிளுக்கு ஒரு வெள்ளி ரூபிள் என்று அப்படியே கொடுப்பது நடக்காத காரியம், அவ்வளவு வெள்ளி கருவூலத்தில் இல்லை. அதை விட்டுவிடலாம்.

உண்மையில் முதலில் ஒரு நல்ல திட்டம் வந்தது, 1810-ல், அரசரின் ஆலோசகர் ஸ்பெரான்ஸ்கியுடையது. நோட்டு அச்சிடுவதை நிறுத்து, வெளியே உள்ளதை அரசின் கடன் என்று ஒப்புக்கொள், வெள்ளி ரூபிளைக் கணக்கின் அடிப்படையாக்கு, அரசு சொத்தை விற்று நோட்டைத் திரும்ப வாங்கு. பிரபுக்களின் நிலத்துக்கும் வரி போட்டார். ஒவ்வொன்றும் சரியானது. காலம்தான் தவறு; நெப்போலியன் படையெடுப்புக்கு இரண்டு ஆண்டுக்கு முன் அச்சை நிறுத்தச் சொன்னால் யார் கேட்பார்கள்? நிலத்துக்கு வரி கட்டிய பிரபுக்கள் அவரை மறக்கவில்லை. 1812 மார்ச்சில் பதவி போய் ஊர்கடத்தப்பட்டார்.

அடுத்து வந்தது நிதியமைச்சர் கூரியெவின் வழி: கடன் வாங்கு, அந்தப் பணத்துக்கு நோட்டைத் திரும்பப் பெறு, எரி. நோட்டு குறையக் குறைய மதிப்பு ஏறி ஒரு நாள் வெள்ளிக்குச் சமமாகும் என்பது கணக்கு. 1817 முதல் 1822 வரை இதை நடத்தினார்கள். 24 கோடி ரூபிள் நோட்டு நெருப்புக்குப் போனது. வெளியே மிச்சம் 59,57,76,310 ரூபிள். பத்தில் மூன்று பங்கு நோட்டு மறைந்தும், காகித ரூபிள் 25 கோபெக்கிலிருந்து ஒன்றிரண்டு கோபெக் ஏறியதோடு சரி. வட்டியில்லாக் கடன் போய், 6 சதவீத வட்டிக் கடன் அரசின் தலையில் உட்கார்ந்தது. நோட்டு என்பது அரசு வட்டி கொடுக்காமல் வாங்கிய கடன்தானே? அதை எரிக்க வட்டிக்கு வாங்குவது என்ன கணக்கு?

இது வெற்றி பெற்றிருந்தால்கூட நியாயம் கிடைத்திருக்காது என்பது என் எண்ணம். 1787-ல் நோட்டை 97 கோபெக்குக்கு வாங்கியவன் 1817-ல் அதையே வைத்திருக்கவில்லை. அது பல கை மாறி, ஒவ்வொரு கையும் கொஞ்சம் கொஞ்சம் இழந்தாகிவிட்டது. இன்று 25 கோபெக்குக்கு வாங்கி வைத்திருப்பவனுக்கு நாளை 100 கிடைத்தால் அது இழந்தவனுக்கு ஈடு அல்ல, புதியவனுக்குப் பரிசு. காகித ரூபிளில் கடன் வாங்கிய விவசாயியும் வணிகனும் நாலு மடங்கு திருப்பிக் கொடுக்க வேண்டும்.

ஆனாலும் அந்தக் காலத்தில் ஒரு நல்ல காரியம் நடந்தது. 1818-ல் ஸ்பானியப் பொறியாளர் பெதாங்கூர் பொறுப்பில் பீட்டர்ஸ்பர்க்கில் அரசுப் பத்திரங்களுக்கென்றே தனி அச்சகம் அமைந்தது. காகிதம், அச்சு, நீரோட்டம் எல்லாம் ஒரே கூரையின் கீழ். கழுகுச் சின்னத்தோடு வந்த 1819 நோட்டுக்குப் பக்கத்தில் கேத்தரின் காலத்து நோட்டை வைத்தால் கல்யாணப் பத்திரிகைக்குப் பக்கத்தில் வைத்த ரசீது மாதிரி இருக்கும்.

மூன்றாவது வழி கன்க்ரினுடையது. 1823-ல் நிதியமைச்சரானார், ஜெர்மனியில் பிறந்தவர், கைப்பிடி இறுக்கமானவர். வந்ததும் எரிப்பதை நிறுத்தினார். அச்சிடுவதையும் நிறுத்தினார். 59,57,76,310 என்ற எண் பதினாறு ஆண்டு அசையவில்லை. எதுவும் செய்யாமல் இருப்பதற்கும் ஒரு தைரியம் வேண்டும். துருக்கியோடும் போலந்திலும் போர்கள் வந்தபோதும் அந்த எண்ணைத் தொடாமல் கடனை வைத்தே சமாளித்தார். காகித ரூபிள் 26, 27 கோபெக் அளவில் நின்று மெல்ல ஏறியது.

அசையாமல் இருப்பதோடு நிறுத்தியிருக்கலாமா? முடியாது. கடைத்தெருவில் ஒரு கூத்து நடந்துகொண்டிருந்தது. அரசு வரிக்கு வெள்ளி ரூபிளை 3 ரூபிள் 60 கோபெக் காகிதம் என்று எடுத்துக்கொண்டது. சந்தையிலோ, ஊருக்கு ஒன்று, தொழிலுக்கு ஒன்று எனக் கணக்கு. சில இடங்களில் வெள்ளி ரூபிளை 4 ரூபிளுக்கு மேலும் மதித்தார்கள். அந்தக் கற்பனைக் கணக்கில் காகிதத்துக்கே வட்டம் கொடுத்தார்கள். விலை கேட்டால் வெள்ளியிலா நோட்டிலா என்று திருப்பிக் கேட்பார்கள். இந்தக் குழப்பத்தில் லாபம் பார்த்தது காசு மாற்றுபவனும், கணக்குத் தெரிந்த வணிகனும். நஷ்டம், ஆண்டுக்கு ஒருமுறை தானியம் விற்று வரி கட்ட வந்த குடியானவனுக்கு.

1839 ஜூலை 1-ல் அரசாணை வந்தது. வெள்ளி ரூபிள்தான் நாட்டின் பணம். நோட்டு அதற்குத் துணை. 3 ரூபிள் 50 கோபெக் நோட்டு ஒரு வெள்ளி ரூபிள், இது என்றைக்கும் மாறாது. ஊருக்கொரு வட்டம் செல்லாது. 1840 ஜனவரியில் வைப்புக் கருவூலம் திறந்தார்கள். வெள்ளியைக் கொண்டுபோய்க் கொடுத்தால் அதே தொகைக்குச் சீட்டு, ரூபிளுக்கு ரூபிள் முழு வெள்ளி இருப்போடு. மக்கள் வெள்ளியைக் கொடுத்துச் சீட்டு வாங்க வந்தார்கள். எழுபது ஆண்டு ஏமாந்தவர்கள் காகிதத்தையே வெறுத்திருப்பார்கள் என்று நாம் நினைப்போம். அவர்கள் வெறுத்தது காகிதத்தை அல்ல, மாறிக்கொண்டே இருந்த கணக்கை.

1843 ஜூன் அரசாணையில் எல்லா நோட்டையும் புதிய ‘கடன் நோட்டு’களாக மாற்றினார்கள். 59.57 கோடி பழைய நோட்டு, மூன்றரையால் வகுத்தால், சுமார் 17 கோடி வெள்ளி ரூபிள். அசிக்னாட்சியா முடிந்தது.

இது திவால் அறிவிப்பு என்று சொல்பவர்கள் உண்டு. பெயர் எதுவாக இருந்தாலும், இழப்பு முன்பே நடந்துமுடிந்தது. கன்க்ரின் அதைக் கணக்குப் புத்தகத்தில் எழுதினார், அவ்வளவுதான். கூரியெவ் வழியில் அரசு கடனாளியாகிறது, கடன்பட்ட குடிமகன் நசுங்குகிறான், இருந்தும் இலக்கு எட்டாது. கன்க்ரின் வழியில் அன்று கையில் நோட்டு வைத்திருந்தவன் சந்தை விலையைவிட ஒன்றும் குறைவாகப் பெறவில்லை, 3.60-க்குப் பதில் 3.50 என்பதால் ஒரு துளி கூடுதலாகவே பெற்றான். மூன்று வழிகளில் இதற்கே என் ஓட்டு. ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: பதினாறு ஆண்டு அச்சைத் தொடாத கை இல்லையென்றால் 3.50 என்ற எண்ணை யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். 1830-களில் சைபீரியாவில் பொங்கிய தங்கமும் நல்ல நேரத்தில் வந்தது.

ஓட்டை எங்கே என்றால், கடன் நோட்டுக்கு ஆறில் ஒரு பங்கு உலோக இருப்பு போதும் என்ற விதியில். வைப்புச் சீட்டுக்கு இருந்தது போல முழு இருப்பு இல்லை. ஆம்ஸ்டர்டாம்காரனைப் போல வெளியிலிருந்து பார்த்துக்கொண்டிருக்க யாரும் இல்லை. பீட்டர்-பால் கோட்டைக்குள் தங்கமும் வெள்ளியும் அடுக்கி வைத்தார்கள், பங்குச் சந்தை வணிகர்களைக் கூப்பிட்டு எண்ணிக் காட்டவும் செய்தார்கள். ஆனால் சாவி பழைய இடத்திலேயே இருந்தது. கிரிமியப் போர் வந்தது. 1853-ல் சுமார் 31 கோடியாக இருந்த கடன் நோட்டு 1857-ல் 73.5 கோடி. 1858-ல் நோட்டுக்கு வெள்ளி கொடுப்பதை நிறுத்தினார்கள்.

அதற்குப் பின் மறுபடி அதே கேள்வி: ரூபிளை மேலே தூக்குவதா, இருக்கும் விலையில் நிறுத்துவதா? தூக்கப் பார்த்த முயற்சி 1860-களில் தோற்றது. 1897-ல் நிதியமைச்சர் வித்தே நிறுத்தும் வழியை எடுத்தார். பத்து ரூபிள் தங்க நாணயத்தின் எடையையும் தரத்தையும் அப்படியே வைத்து, மேலே மட்டும் ‘15 ரூபிள்’ என்று பொறித்தார். ஐந்து ரூபிள் நாணயத்தில் ‘7 ரூபிள் 50 கோபெக்’. அந்த எண்கள் பொறித்த நாணயங்கள் இன்றும் ஏலத்துக்கு வருகின்றன. சேகரிப்பவர்கள் ஏன் இப்படி ஒரு விநோத மதிப்பு என்று கேட்பார்கள். கன்க்ரின் நோட்டில் போட்ட கணக்கை வித்தே தங்கத்தில் போட்டதால் வந்தது.